64 அறை ஹோட்டலுக்கு எந்த நெட்வொர்க் சுவிட்ச்?

கும்பகோணம் மாதிரி ஒரு ஊர். நான்கு மாடி, மாடிக்கு 16 அறை. ஒவ்வொரு அறையிலும் சுவரில் பதிக்கும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட் ஒன்று, அதிலிருந்தே டிவிக்கு ஒரு கேபிள். நடைபாதையில் மாடிக்கு நான்கு கேமரா. ஆக, இந்தக் கேபிள்களையெல்லாம் இணைக்கும் சுவிட்சில் ஒரு மாடிக்கு 20 போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, வேண்டும். இந்தக் கட்டடத்தை மனதில் வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் ஒப்பிடுகிறேன்.

கொட்டேஷனில் பெரும்பாலும் "24 போர்ட் பிஓஇ சுவிட்ச், 4 எண்ணிக்கை" என்று ஒரே வரி இருக்கும். முதலாளி அதில் விலையைப் பார்ப்பார், கம்பெனி பெயரைப் பார்ப்பார். பார்க்க வேண்டியது வாட்.

பிஓஇ என்றால் டேட்டா போகும் அதே கேபிளில் மின்சாரமும் போவது. 2003இல் வந்த ஏஎஃப் தரத்தில் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். 2009இல் வந்த ஏடி தரத்தில் 30 வாட். கேபிளில் கொஞ்சம் கரைந்து, கருவிக்கு முறையே 12.95, 25.5 வாட்தான் உறுதி. நம் மாடிக் கணக்கு: அறைக் கருவி உச்சத்தில் 13 வாட் என்று வைத்தால் 16க்கு 208. இரவில் இன்ஃப்ராரெட் எரியும்போது கேமரா 7 வாட் என்றால் நான்குக்கு 28. மொத்தம் 236. கேபிள் இழப்பையும் சேர்த்தால் 260ஐத் தொட்டுவிடும்.

இந்த எண்ணோடு கடைக்குப் போனால் பாதி மாடல்கள் அங்கேயே கழிந்துவிடும். யூனிஃபையின் சாதாரண 24 போர்ட் பிஓஇ மாடல் மொத்தமாகக் கொடுப்பது 95 வாட், அதுவும் 16 போர்ட்டில் மட்டும். அதே கம்பெனியின் ப்ரோ மாடல் 400 வாட். டிபி-லிங்க் ஒமாடாவில் எஸ்ஜி2428பி 250 வாட், எஸ்ஜி3428எம்பி 384 வாட். அருபா இன்ஸ்டன்ட் ஆன் 1930 வரிசையில் 24 போர்ட்டே இரண்டு விதம், 195 வாட் ஒன்று, 370 வாட் ஒன்று. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 1300இல் 24பி என்றால் 195, 24எஃப்பி என்றால் 375. நடுவில் இருக்கும் ஒரு எஃப் எழுத்துக்காக விலை ஏறுகிறது, நமக்கு அந்த எழுத்துதான் வேண்டும். மைக்ரோடிக்கின் சிஆர்எஸ்328 தாராளம், 450 வாட்.

வாட் குறைவான சுவிட்ச் ஒரேயடியாகப் படுத்துவிடாது, அதுதான் சிக்கல். பகலில் எல்லாம் ஓடும். முகூர்த்த நாளில் எல்லா அறையும் நிறைந்து, இருட்டியதும் கேமரா விளக்குகளும் எரிந்தால் தாக்குப்பிடிக்காமல் சில போர்ட்டுகளை அணைத்துவிடும். ரிசப்ஷனுக்கு "எங்க ரூம்ல மட்டும் நெட் வரல" என்று போன் வரும். போய்ச் சோதிப்பவர் மறுநாள் காலையில் வருவார், எல்லாம் சரியாக இருக்கும். 250 வாட் மாடலை இந்த மாடிக்கு வைத்தால் காகிதத்திலேயே இழுபறி. 370க்குக் குறைந்து நான் வாங்க மாட்டேன். ஆக்சஸ் பாயின்ட் வழியாகவே ஐபி போனுக்கும் மின்சாரம் கொடுப்பதாக இருந்தால் அறைக்கு இன்னும் 5 வாட் கூட்டுங்கள். 316 ஆகும், அப்போதும் 370 தாங்கும்.

அடுத்த கேள்வி, சுவிட்ச் மாடிக்கு மாடியா, எல்லாம் கீழே ஒரே அறையிலா? கட்டி முடித்துப் பல வருடமான கட்டடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாடிக்கு ஒன்று வைத்து, கீழிருந்து ஃபைபர் இழுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் என்றால் நான் ஒரே அறையைச் சொல்வேன். செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை, அதில் சுவருக்குள் போவது 90 மீட்டர். நான்கு மாடிக் கட்டடத்தில் கடைசி அறைகூட அதற்குள் வந்துவிடும், மாடிகளுக்கு இடையே கேபிள் இறங்கும் ஷாஃப்டில் 80 கேபிளுக்கு இடம் விட்டிருந்தால் போதும். ஒரு ஏசி, ஒரு யுபிஎஸ் எல்லாவற்றுக்கும் சேர்ந்துவிடும். விருந்தினர் தூங்கும் மாடியில் சுவிட்ச் இருக்கும் ராக்கைத் திறந்து வேலை பார்க்கவும் வேண்டாம். சுவிட்ச்களின் விசிறிச் சத்தத்தையும் குறைத்து எடை போடாதீர்கள். பகலில் கேட்காது. நடைபாதை அலமாரியை ஒட்டிய அறையில் ராத்திரி ஒரு மணிக்குப் படுத்துப் பாருங்கள்.

ஒரே அறை என்றதும் "48 போர்ட் இரண்டு போதுமே, மலிவாகும்" என்பார்கள். போர்ட் இரட்டிப்பாகும், வாட் ஆகாது. இன்ஸ்டன்ட் ஆன் 1930இல் 24 போர்ட்டுக்கும் அதே 370, 48 போர்ட்டுக்கும் அதே 370. இரண்டு மாடிக்கு நமக்கு வேண்டியது 472. யூனிஃபை ப்ரோ 48 என்றால் 600 வாட்டோடு சமாளிக்கும். அப்படியும் 24 போர்ட் நான்கே என் தேர்வு. ஒன்று போனால் ஒரு மாடிதான் போகும்.

இடையில் ஜிபான் என்ற வேறு யோசனையும் வரும். சுவிட்சே வேண்டாம், வீட்டுக்கு பிராட்பேண்ட் வருவதுபோல அறைக்கு அறை ஃபைபர். கீழ்நோக்கி 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 அறைகள் பங்கிடும். 20 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் ஃபைபரில் மின்சாரம் போகாது, ஒவ்வொரு அறையிலும் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டிக்கு ஒரு அடாப்டர் செருக வேண்டும். விருந்தினர் அதைப் பிடுங்கிவிட்டு போனை சார்ஜ் போடுவார். தோப்புக்குள் காட்டேஜ்கள் சிதறிக் கிடக்கும் ரிசார்ட்டுக்கு ஜிபான் அருமை, இடி மின்னலும் கேபிள் வழியாகத் தாவாது. நம் நான்கு மாடிக்குத் தேவையில்லை.

சரி, கம்பெனிகளுக்கு வருவோம்.

ஒமாடா, யூனிஃபை இரண்டும் ஒரே மாதிரி யோசனைதான். ஒரு கன்ட்ரோலரில் இருந்து சுவிட்ச், ஆக்சஸ் பாயின்ட் எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்கலாம், அதை ஹோட்டலிலேயே வைத்துக்கொண்டால் வருடாந்திரக் கட்டணம் இல்லை. கன்ட்ரோலர் நின்றுபோனாலும் சுவிட்ச் வேலை செய்துகொண்டே இருக்கும். யூனிஃபையின் திரை அழகு, கோளாறு எந்தப் போர்ட்டில் என்று சட்டென்று தெரியும். ஒமாடாவின் பலம் வேறு இடத்தில். டிபி-லிங்க் சரக்கு மாவட்டத் தலைநகர் கம்ப்யூட்டர் கடை வரை வந்துவிட்டது. மற்றது பெரும்பாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்து பார்சலில் வர வேண்டும். சென்னை, கோவையில் ஹோட்டல் என்றால் யூனிஃபை ப்ரோ வாங்கிக்கொள்ளலாம். கும்பகோணத்துக்கு ஒமாடாதான் என் தேர்வு.

இன்ஸ்டன்ட் ஆன் கட்டணமில்லாத கிளவுடில் ஓடுகிறது, போன் ஆப்பிலேயே எல்லாம் செய்யலாம். மேலாளரே பார்த்துக்கொள்ளும் சின்ன இடத்துக்கு இதைவிட எளிது இல்லை. ஆனால் கிளவுடு, உள்ளூர் வெப் பக்கம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கிளவுடை எடுத்தபின் இன்டர்நெட் போன நேரத்தில் எதையும் மாற்ற முடியாமல் கைகட்டி நிற்க வேண்டும்.

மைக்ரோடிக் கொடுக்கும் காசுக்கு மிக அதிகம் தரும். செய்ய முடியாதது என்று அதில் ஏதுமில்லை, அதனாலேயே ஹோட்டலுக்கு ஆபத்து. அந்த சுவிட்சில் ஒரே ஒரு பிரிட்ஜ் (போர்ட்டுகளைச் சேர்த்து வைக்கும் குழு) மட்டும்தான் சிப்பின் வேகத்தில் ஓடும். விவரம் தெரியாதவர் வி-லேனுக்கு (விருந்தினர், கேமரா என்று பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்குக்கு) ஒரு பிரிட்ஜ் என்று போட்டுவிட்டால் மற்றவற்றின் டிராஃபிக் சிறிய சிபியு தலையில் விழுந்து நகரவே நகராது. அமைத்தவர் கூப்பிட்டால் வருவார் என்றால் தாராளமாக வாங்குங்கள். அவர் துபாய்க்குப் போய்விட்டால்?

சிஸ்கோவில் இரண்டு உலகம். கேட்டலிஸ்ட் 1300க்கு வருடச் சந்தா இல்லை, உறுதியானது. ஆனால் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு அறையில் இருப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மெராக்கி பல கிளைகள் உள்ள சங்கிலி ஹோட்டலுக்கானது. எல்லாக் கருவிக்கும் ஒரே நாளில் முடியும் கோ-டெர்மினேஷன் லைசென்ஸ் முறையில் காலாவதிக்குப் பின் 30 நாள் சலுகை, அதுவும் முடிந்தால் நெட்வொர்க்கே நின்றுவிடும். தனி முதலாளி, கணக்குப் பிள்ளை ரின்யூவலை மறந்தார் என்றால் கதை முடிந்தது. ருக்கஸ் பெரிய பிராண்டு ஹோட்டல்களில் நிறைய உண்டு. நீங்கள் அப்படி ஒரு பிராண்டின் ஃபிரான்சைஸ் என்றால் பட்டியலை அவர்களே தருவார்கள், இந்த அலசலே வேண்டாம்.

மேனேஜ்டு சுவிட்சுக்கு, அதாவது நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சுவிட்சுக்கு, செலவழிப்பது சில செட்டிங்குகளுக்காக. விருந்தினர் தன் ரவுட்டரைச் சுவர் போர்ட்டில் செருகினால் அது மாடி முழுக்க தப்பான ஐபி கொடுக்கும், டிஎச்சிபி ஸ்னூப்பிங் தடுக்கும். கேபிளின் இரு முனையையும் ஒரே பெட்டியில் செருகினால் லூப் பாதுகாப்பு அந்தப் போர்ட்டை மட்டும் அணைக்கும். 305இல் இருப்பவர் 306இன் லேப்டாப்பைப் பார்க்காமல் ஐசோலேஷன். நெட்வொர்க் வழியாகச் சேனல் வரும் ஐபிடிவி இருந்தால், கேட்ட டிவிக்கு மட்டும் சேனலை அனுப்ப ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். மேலே சொன்ன எல்லாக் கம்பெனியிலும் இவை உண்டு, ஆன் செய்து கொடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஓடிபி போட்டு உள்நுழையும் பக்கம் சுவிட்சின் வேலையல்ல, அதற்கு கேட்வே (ஹோட்டலை இன்டர்நெட்டோடு இணைக்கும் பெட்டி) அல்லது கன்ட்ரோலர் வேண்டும். அதையும் சுவிட்ச் விலையில் சேர்த்துச் சொல்பவர்களிடம் பிரித்துக் கேளுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில விநாடியில் சுவிட்ச் அணைந்தால் அதிலிருந்து மின்சாரம் குடிக்கும் எல்லாமே அணையும், திரும்ப வர சில நிமிடம். யுபிஎஸ் கணக்கில் சுவிட்சை மட்டும் எழுதாமல் பிஓஇ சுமையையும் எழுதுங்கள். மாடிக்கு மாடி வைப்பதென்றால் ஒன்றுக்கு 1 கேவிஏ.

அப்புறம், ஐந்தாவதாக அதே மாடலில் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் ஸ்டோரில் வையுங்கள். கன்ட்ரோலர் கணக்கு நிறுவுபவரின் ஈமெயிலில் இல்லாமல் ஹோட்டலின் ஈமெயிலில் இருக்க வேண்டும் என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கணக்கில் நீங்களே ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுங்கள்.