தோலகட்டி நெல்லி ரசம்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குத் தோலகட்டி ஆச்சிரமத்து முந்திரிகை (திராட்சை) ரசம், நெல்லி ரசம் என்ற இனிப்புச் சாறுகளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வசாவிளான் பக்கம் செபமாலைத் தாசர் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் இடம் அது, அமலமரித் தியாகிகள் என்ற குருக்கள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய சபை அவர்களுடையது.

முதலில் ரசம். நெல்லிக்காயின் துவர்ப்பு இனிப்பில் அமுங்கிப் போகவில்லை, குடித்து முடித்த பிறகும் தொண்டையில் அந்தக் காயின் ருசி நிற்கிறது. கடையில் விற்கிற கலர்த் தண்ணிகளை இதோடு சேர்த்துப் பேசவே கூடாது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்தத் துறவிகள் செபத்தையும் உடலுழைப்பையும் மௌனத்தையும் ஒன்றாகவே வாழ்கிறவர்கள். பிரசங்கம் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போன பிள்ளைகள் "கடவுள் உண்மையா?" என்று கேட்டால் நான் யோவான் 7:17ஐத்தான் காட்டுவேன், கடவுளின் விருப்பப்படி நடக்க முன்வருகிறவனுக்கே தன் போதனை எங்கிருந்து வந்தது என்று விளங்கும் என்கிறார் இயேசு. அதாவது முதலில் வாழ்ந்து பார், அப்புறம் தெரியும். விவாதித்து யாரும் விசுவாசத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை, சத்தமில்லாமல் நேர்மையாக வேலை செய்கிற ஒருவரைப் பார்த்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, வாங்குபவர்களுக்கு: நல்லாத் தண்ணீர் கலந்து குளிரக் குடியுங்கள், சீனி சேர்க்க வேண்டாம்.