குடியிருக்க எது தோது: திருச்செந்தூரா, உவரியா?

கடலோரமாக ஒரு சின்ன ஊரில் வீடு பார்க்கிறேன் என்று நெல்லைச் சீமையில் சொன்னால், பேச்சு பெரும்பாலும் திருச்செந்தூரிலோ உவரியிலோ வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் குடியிருந்து பார்த்தால் இரண்டும் வேறு உலகம்.

திருச்செந்தூரில் ஊரை நடத்துவது கடல் இல்லை, கோயில். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், ஆவணி, மாசித் திருவிழாக்கள், போதாததற்கு முகூர்த்த நாளும் பள்ளி விடுமுறையும். சூரசம்ஹாரத்தன்று வண்டியை வெளியே எடுக்கிற யோசனையையே விட்டுவிட வேண்டும். கோயிலை ஒட்டிய தெருக்களில் மாத வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள், நாள் வாடகைக்கு விடுவதில்தான் பலருக்கு ருசி. அமைதி தேடி வருகிறவர் சற்றுத் தள்ளி, வீரபாண்டியன்பட்டினம் பக்கம் பார்ப்பது நல்லது.

கூட்டத்தால் லாபமும் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று எந்தப் பக்கமும் பஸ் கிடைக்கும். சென்னைக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராத்திரி மருந்துக்கடைக்கு அலைய வேண்டாம்.

உவரியில் இதெல்லாம் இல்லை. ரயில் கிடையாது, பெரிய கடைகண்ணி என்றால் திசையன்விளை போக வேண்டும். வயதான அப்பா அம்மாவோடு வருகிறவருக்கு இதுதான் பெரிய தடை. அவசரத்துக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி என்றால், நடுராத்திரியில் அது நீண்ட பயணம்.

ஆனால் கடலோடு வாழ்வது என்று ஒன்று உண்டென்றால் அது உவரிதான். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டம் வரும். விசேஷ நாட்களில் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் நேர்ந்துகொண்டவர்கள் கடல் மண்ணைப் பெட்டியில் சுமந்து கொட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் ஊர் மீன்பாட்டை, அதாவது வலையில் விழும் மீனை வைத்துத்தான் நகரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப் படகுகளுக்கு அந்தக் கட்டு இல்லை என்பதால், கரையில் மீன் அடியோடு நின்றுவிடாது. ஆடிக்காற்றில் தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பக்கத்து மண் வீட்டுக்குள் வரும், தினமும் இரண்டு தரம் பெருக்க வேண்டும்.

உப்புக்காற்று மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. கிரில், மோட்டார் சைக்கிள், ஏசியின் வெளிப்பெட்டி எதையும் விடாது. இரும்பு கேட் ஆசை இருந்தால் பெயிண்டுச் செலவையும் வாடகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலை நம்பித் திருச்செந்தூரைத் தேர்ந்தெடுப்பவர் 2023 டிசம்பரை மறக்கக் கூடாது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். எனவே மேட்டு நிலமா என்று விசாரிப்பது, கடல் தெரிகிறதா என்று பார்ப்பதைவிட முக்கியம்.

என்னைக் கேட்டால், பெரியவர்கள் கூட இருந்தால் வீரபாண்டியன்பட்டினம் பக்கம். தனியாள், வேலை லேப்டாப்பில், மீனும் பிடிக்கும் என்றால் உவரி. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டு மாடியில் நின்று செல்போன் சிக்னலைப் பார்த்துவிடுங்கள்; கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.