முழுக் காளானா, தானியத்தில் வளர்த்த இழையா?

சத்துப்பொடியாக விற்கும் மருத்துவக் காளான்களில் ரெய்ஷியோ கார்டிசெப்ஸோ எதை வாங்கினாலும், டப்பாவில் இருப்பது முளைத்து வெளிவந்த முழுக் காளானா, அதன் வேர்போன்ற இழையா என்று முதலில் பாருங்கள்.

இழைப் பொடி விலை குறைவு. அரிசியிலோ ஓட்ஸிலோ மைசீலிய இழையைப் படரவிட்டு, தானியத்தோடு சேர்த்தே உலர்த்தி அரைப்பார்கள். வேர்போல் ஊடுருவிய இழையைத் தனியே பிரிக்க முடியாது. அதனால் பொடியில் மாவுச்சத்து மிகும். அதுவும் பாலிசாக்கரைடுதான் (சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி) என்பதால் 'பாலிசாக்கரைடு 40%' என்ற வரியை நம்பக் கூடாது. காளானின் முக்கியப் பாலிசாக்கரைடான பீட்டா குளூக்கானின் அளவு தனியாகப் போட்டிருக்க வேண்டும். வீட்டிலேயே சோதிக்கலாம்: கால் ஸ்பூன் பொடியை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறியபின் இரண்டு மூன்று சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவு. சூட்டில் விட்டால் நிறம் தெரியாது.

முழுக் காளான் என்றாலும் வெறும் பொடி போதாது. பீட்டா குளூக்கான் செல்சுவரில் கைட்டின் என்ற கடினமான பொருளோடு பிணைந்திருப்பதால் வெந்நீரில் பிரித்தெடுத்த சாறு தேவை. ரெய்ஷியின் கசப்புச் சேர்மங்களான டிரைடெர்பீன்களைப் பிரித்தெடுக்க ஆல்கஹாலும் வேண்டும். கசக்காத ரெய்ஷியில் அவை குறைவு.

எங்கள் தேர்வு முழுக் காளான் சாறுதான். ஆனால் இந்தக் காளான்களால் உடல் தாங்குதிறன் கூடும் என்று சொல்லப்படுவதற்கு ஆதாரம் இன்னும் சிறிய ஆய்வுகளே, முடிவுகளும் முரண்படுகின்றன. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ரெய்ஷியைத் தொடவே வேண்டாம்.