பதினாறு எழுத்துக்கு 9,440 ரூபாய்: மண்ணடி பக்கம் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் சின்னதாக ஆபீஸ் போட்டு, கம்ப்யூட்டரில் பழைய அவுட்லுக் வைத்து ஜிமெயில் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மானிட்டர் ஓரத்தில் நாலு நாலாகப் பிரித்த பதினாறு ஆங்கில எழுத்துள்ள சீட்டு ஒட்டியிருக்கிறதா? அதை யாராவது "லைசென்ஸ் கீ" என்று சொல்லி விற்றார்களா? அப்படியென்றால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் மானிட்டரில் அது மூன்று வருஷம் ஒட்டியிருந்தது.

எங்களுடையது கஸ்டம்ஸ் டாக்குமெண்ட் வேலை. அப்பா ஆரம்பித்தது. அவருக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனதும் நான் வந்து உட்கார்ந்தேன். காலடிப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் மண்ணடி, அங்கிருந்து காளிகாம்பாள் கோயில் தாண்டி நாலு எட்டு. ஷிப்பிங் லைனிலிருந்து அரைவல் நோட்டீஸ் (சரக்கு வருகிற தகவல்), பார்ட்டியிடமிருந்து இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், நாங்கள் அனுப்பும் செக்லிஸ்டுக்கு "ஓகே" என்று ஒரு வரி: எல்லாமே மெயிலில்தான். பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவம், போடத் தாமதமானால் தாமதக் கட்டணம் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கப்புறம் நாளொன்றுக்கு 10,000. மெயில் நின்றால் எங்களுக்கு வயிறு ஏன் கலங்கும் என்பது இப்போது புரிந்திருக்கும். எனக்கு அந்தச் சீட்டை விற்ற ஆளுக்கும் அது நன்றாகவே புரிந்திருந்தது.

2022 ஜூன் முதல் வாரம். காலையில் அவுட்லுக்கைத் திறந்தால் ஒரு சின்னப் பெட்டி வந்தது. சர்வர் பெயர், என் மெயில் பெயர், கீழே பாஸ்வேர்ட். போட்டேன். பெட்டி மறைந்து, மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்தது. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்த்துப் பார்த்துப் பத்து முறை அடித்திருப்பேன். அதே பாஸ்வேர்ட் குரோமில் போட்டால் ஜிமெயில் சமர்த்தாகத் திறக்கிறது. அவுட்லுக் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பக்கத்து ஆபீஸில் சொல்லி ஒரு சர்வீஸ் ஆள் வந்தார். அவர் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். நல்ல மரியாதையான பேச்சு. பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "க்கா, கூகுள்ல ரூல் மாத்திட்டாங்க. இனிமே வெளி சாஃப்ட்வேர்ல மெயில் பாக்கணும்னா லைசென்ஸ் எடுக்கணும். வருஷத்துக்கு 2,500, ஜிஎஸ்டி தனி."

இதில் பாதி உண்மை, அதனால்தான் ஏமாந்தேன். 2022 மே 30 முதல் கூகுள், வெறும் பெயரும் பாஸ்வேர்டும் வைத்து வெளி நிரல்கள் ஜிமெயிலுக்குள் வருவதை நிறுத்தியது நிஜம். ஆனால் மாற்று வழி இலவசம். கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் கோடு மாதிரி இன்னொன்றும் கேட்பது) ஆன் செய்துவிட்டால், "ஆப் பாஸ்வேர்ட்" என்று பதினாறு எழுத்தைக் கூகுளே உருவாக்கிக் கொடுக்கும். பழைய அவுட்லுக் பெட்டியில் நம் பாஸ்வேர்டுக்குப் பதில் அதைப் போட வேண்டும், அவ்வளவுதான். என் அவுட்லுக் 2010 மாதிரி பழசுக்கு கூகுளின் புது லாகின் பக்கத்தைத் திறக்கத் தெரியாது. அதனால் இந்த வழி.

அவர் செய்ததும் இதையேதான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனால் என்ன பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் போன் நம்பர் கேட்கும் இடம் வந்தது. "ஓடிபி உங்க நம்பருக்கு வந்தா உங்களுக்குத்தான் தொல்லை, நான் என் நம்பரையே போட்டுடறேன்" என்றார். சரி என்றேன். இந்த "சரி"க்குத்தான் மூன்று வருஷம் கப்பம் கட்டினேன். பதினாறு எழுத்தைச் சீட்டில் எழுதி ஒட்டி, "இதான் லைசென்ஸ் கீ, யார்கிட்டயும் காட்டாதீங்க" என்று வேறு சொன்னார்.

2,500க்கு 18 சதவீதம் 450. மொத்தம் 2,950. பில் கொடுத்தார், ஜிஎஸ்டி என்று எழுதியிருந்தது, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் இன்வாய்ஸில் எழுத்துப்பிழை தேடிக் கண்டுபிடிக்கிறவள் நான். இதைப் பார்க்கவில்லை. இதை என்னவென்று சொல்வது.

நடுவில் ஒரு மழைக்காலத்தில் வேறு ஒரு கூத்து. கரண்ட் போய் வந்ததும் அவுட்லுக்கில் "செர்டிஃபிகேட்" என்று என்னமோ எச்சரிக்கை. அவர் வந்து, மூலையில் இருக்கும் கடிகாரத்தைத் தட்டி, தேதியைச் சரிசெய்து, 500 ரூபாய் "சர்வர் செர்டிஃபிகேட் ரிப்பேர்" என்று வாங்கிப் போனார். கம்ப்யூட்டரில் தேதி தப்பாக இருந்தால் அப்படித்தான் சொல்லும்; சர்வரின் சான்றிதழ் செல்லுபடியாகும் நாளை அந்தத் தேதியோடுதான் அது ஒப்பிடுகிறது. தேதி அடிக்கடி பின்னால் ஓடினால் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை வாங்கிப் போடுவது ஒரு சாப்பாட்டுச் செலவுகூட இல்லை. அவர் பேட்டரியை மாற்றவே இல்லை, அதனால் இன்னொரு கரண்ட் கட்டுக்கு இன்னொரு 500.

2023 ஜூனில் "ரின்யூவல்", 2,950. 2024 ஜூனில் விலை ஏறிவிட்டது என்று 3,540. அந்த முறை கையில் காசு இல்லாமல் நாலு நாள் இழுத்தடித்தேன். ஐந்தாம் நாள் காலை அதே சின்னப் பெட்டி. சீட்டில் இருந்ததைப் போட்டால் ஏற்கவில்லை. அலறியடித்து ஜிபே பண்ணினேன். பத்தே நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் புதுப் பதினாறு எழுத்து வந்தது. அவர் ஆபீஸுக்கு வரவேயில்லை. எங்கிருந்தோ உட்கார்ந்துகொண்டு என் மெயிலுக்குச் சாவி செய்து அனுப்புகிறார் என்றால், என் கணக்குக்குள் அவரால் போக முடிகிறது என்றுதானே அர்த்தம்? எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. மெயில் வந்ததே, அது போதும் என்றிருந்தது.

2025 ஜூனில் 4,130 கேட்டார். லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் அன்றைக்கு ஆபீஸில் உட்கார்ந்திருந்தாள். சீட்டைப் பார்த்தவள், "சித்தி, இதுக்கா காசு குடுக்கறே?" என்றாள்.

அவள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இது வேண்டியிருக்கும். முதலில் அவுட்லுக் பெட்டியில் வேண்டுமென்றே என் சாதா பாஸ்வேர்டை அடித்தாள். கீழே வந்த பிழைச் செய்தியை முழுசாகப் படிக்கச் சொன்னாள். "அப்ளிகேஷன் ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்ட் ரிக்கொயர்டு" என்று இருந்தது. இந்த நிரலுக்கென்று தனிப் பாஸ்வேர்ட் வேண்டும் என்று அதுவே சொல்கிறது. மூன்று வருஷமாக அந்தப் பெட்டி வந்ததும் நான் செய்தது போனை எடுத்து அவரைக் கூப்பிட்டதுதான், ஒரு வரி படித்ததில்லை.

அப்புறம் குரோமில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கம். ஆப் பாஸ்வேர்ட் பட்டியலில் "மெயில் 24" என்று ஒன்று இருந்தது. இரண்டு படிச் சரிபார்ப்பில் அவர் நம்பர். கணக்கை மீட்கக் கொடுக்கும் நம்பரும் அவருடையது. கணக்கு திறந்திருக்கும் சாதனங்களில் என் கம்ப்யூட்டர், என் போன், இன்னொரு ஆண்ட்ராய்டு போன். அந்த மூன்றாவது வரியைப் பார்த்தபோது கை சில்லிட்டுப் போனது. பார்ட்டிகளின் இன்வாய்ஸ் விலையெல்லாம் அந்த மெயிலில்தான் கிடக்கிறது.

அதிர்ஷ்டம், ஆபீஸ் கம்ப்யூட்டரில் "இங்கே மறுபடி கேட்காதே" என்பதில் டிக் இருந்தது. அதனால் அவர் போனுக்கு ஓடிபி போகாமல் உள்ளே நுழைய முடிந்தது. இரண்டு இடத்திலும் அவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பர். தெரியாத போனை வெளியேற்றினாள். பாஸ்வேர்டை மாற்றினாள், மாற்றியதுமே பழைய ஆப் பாஸ்வேர்ட் எல்லாம் செத்துவிடும். போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய எட்டு இலக்க பேக்கப் கோடுகள் பத்து இருக்கும், அதையும் புதிதாக எடுத்தாள், பழையது அவரிடம் இருந்தாலும் செல்லாது. கடைசியாக ஜிமெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும் பார்த்தாள், மெயில் வேறு எங்காவது போகிறதா என்று. நல்லவேளை, இல்லை.

ஒரு விஷயம் மட்டும் மனசை அரித்தது. மீட்பு நம்பரை மாற்றினாலும் 7 நாள் வரை பழைய நம்பருக்குக் கோடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் வைத்திருக்கிறது. நம் கணக்கைத் திருடன் மாற்றினால் நமக்கு உதவட்டும் என்று வைத்த ஏற்பாடு. எனக்கு அது தலைகீழாக வந்து வாய்த்தது. அந்த ஒரு வாரமும் ராத்திரி எழுந்து எழுந்து போனைப் பார்த்தேன்.

அவுட்லுக் 2010ஐயே தூக்கிவிட்டு தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலைப் போட்டாள். அதுவும் இலவசம். ஐமேப் கணக்கு (மெயில் சர்வரிலேயே தங்கும் முறை) என்பதால் பழைய மெயிலெல்லாம் கூகுள் பக்கமே இருந்தது, தானாக இறங்கியது. அதில் ஓஆத்2 என்ற முறையைத் தேர்ந்தால் கூகுளின் லாகின் பக்கமே திறக்கும். பதினாறு எழுத்தே வேண்டாம். முதல் தடவை லாகின் ஒழுங்காக முடியவில்லை. தண்டர்பேர்டில் குக்கீஸ் (தளங்கள் நம் கம்ப்யூட்டரில் வைக்கும் சின்னக் குறிப்புகள்) தடுக்கப்பட்டிருந்ததுதான் காரணம், அனுமதித்ததும் சரியானது. பழைய பாஸ்வேர்ட் சேமித்திருந்தால் அதையும் செட்டிங்கில் போய் அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும் என்றாள். எல்லாம் சேர்த்து ஒரு டீ ஆறும் நேரம். உண்மையாகவே டீ ஆறிவிட்டது.

அவருக்குப் போன் பண்ணினேன். மறுக்கவில்லை. "க்கா, உங்க வேலை நடந்துச்சா இல்லியா? டாக்டர் ஊசி போட்டா ஊசி விலையா கேப்பீங்க?" என்றார். முதல் நாள் வந்து சரிசெய்ததற்குக் கூலி கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன், அதில் எனக்கு வழக்கே இல்லை. கூலியை லைசென்ஸ் என்று சொன்னதும், என் கணக்கின் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டதும்தான் வழக்கு. 2024இல் காசு தராத நாலு நாளில் அவர்தான் அதை நிறுத்தினார் என்பதை நான் கண்ணால் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை என்று இருக்கிறது. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் செய்தி, அந்த நம்பரில்லாத ஜிஎஸ்டி பில் எல்லாம் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் போன சூட்டோடு பேச வேண்டுமென்றால் சைபர் குற்ற உதவி எண் 1930. என் விஷயத்தில் பணம் போய் வருஷக்கணக்காகிவிட்டது. லைசென்ஸ் என்று மட்டும் 9,440. கடிகாரம் திருப்பியதற்கு ஆயிரம் தனி.

நேற்று எங்கள் மாடியில் இருக்கும் பிரிண்டிங் ஆபீஸ் அண்ணனிடம் இதைச் சொல்லப் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் மானிட்டரைப் பார்த்தேன். வலது ஓரம், மஞ்சள் சீட்டு, நாலு நாலாகப் பதினாறு எழுத்து. "இதா? லைசென்ஸ்ம்மா. ஆகஸ்ட்ல ரின்யூவல்" என்றார். அக்கா மகளை மாடிக்கு அனுப்பியிருக்கிறேன்.