ஏலகிரியில் எதற்குப் பணம் கொடுக்கலாம்

தருமபுரியிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்பதால், சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு ஏலகிரிக்குச் சென்றோம். 62 வயதான அம்மாவும் 9 வயதான தம்பி மகனும் உட்பட ஏழு பேர். ஊரைச் சுற்றிப் பார்ப்பது அரை நாளில் முடிந்துவிடும். மீதிப் பொழுதைச் சாகச விளையாட்டுகளுக்கு ஒதுக்குவது என்றும், எதில் யார் இறங்குவது என்பதை முன்னதாகவே தீர்மானிப்பது என்றும் பேசி வைத்திருந்தோம்.

அதற்காக முந்தைய ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை மலைக்கோட்டையில் ஏறிப் பார்த்தோம். 1791-இல் ஆங்கிலேயப் படை திப்புவிடமிருந்து கைப்பற்றிய கோட்டை அது. எங்களுக்கு அது ஒத்திகைக் களம். ஏறும்போது எல்லோருக்கும் முன்னால் போன அம்மா, இறங்கும்போது படிக்குப் படி இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்குவதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே செல்லும் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி; அவர் பெயர் கொண்ட வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் வந்தால் தகடூர்க்காரர்களுக்கு அழகல்ல.

மேலே போனதும் தனியார் சாகசப் பூங்கா ஒன்றில் ஆளுக்கு 900 ரூபாய் கொடுத்து, கம்பியில் தொங்கியபடி சறுக்கிச் செல்லும் ஜிப்லைன், கயிற்றுப் பாலம், பெரிய ஊஞ்சல் மூன்றும் சேர்ந்த சீட்டை வாங்கினோம். சீட்டுக் கொடுத்தவர் வயதையோ எடையையோ கேட்கவில்லை. தம்பி மகனுக்கு மாட்டிய தலைக்கவசம் புருவத்துக்குக் கீழே இறங்கியது. தாடைப் பட்டையை இழுத்துக் கட்டிய பிறகும் ஆடியது. ஜிப்லைன் மேடையில் என் இடுப்புப் பட்டையைக் கம்பியுடன் இணைக்கும் கொக்கியைக் குனிந்து பார்த்தேன். அந்த வகைக் கொக்கியில் வாயை மூடிய பிறகு அதன்மேல் உள்ள உருளையைத் திருகிப் பூட்ட வேண்டும்; இல்லாவிட்டால் கம்பியிலோ கயிற்றிலோ உரசும்போது வாய் திறந்துகொள்ளக்கூடும். என்னுடையது திருகப்படாமல் இருந்தது. சொன்னதும், "ஒன்னும் ஆகாதுண்ணா, தினமும் இருநூறு பேர் போறாங்க" என்றபடியே அந்தப் பையன் அதைத் திருகினான். முதன்மைக் கயிறு விட்டுப்போனால் தாங்குவதற்கான இரண்டாவது கயிறும் இல்லை. தம்பி மகனை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பணம் திரும்பவில்லை. மற்றவர்கள் சென்று வந்தார்கள். அரை நிமிடத்துக்குள் முடிந்தது என்றார்கள்.

புங்கனூர் ஏரிப் படகுச் சவாரி சாகசம் ஆகாது. ஆனால் அம்மாவும் பேரனும் அன்று மிகவும் மகிழ்ந்தது அங்கேதான்.

மற்ற ஐந்து பேரும் ஏலகிரியிலேயே உள்ள சுவாமிமலைச் சிகரத்துக்கு நடந்தோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு மாநிலத்தில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் ஏலகிரி–சுவாமிமலையும் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டி உடன் வருவார். எங்களுடன் வந்தவர் நடக்கத் தொடங்குமுன், ஆஸ்துமா உள்ளவர்கள் உண்டா, காலையில் சாப்பிட்டீர்களா, இறங்கும்போது முழங்கால் வலிப்பவர் யார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். பூங்காவில் 900 ரூபாய் கொடுத்தும் கிடைக்காத கேள்விகள் அவை. என் மனைவியின் தேய்ந்த செருப்பைப் பார்த்து, "அக்கா, இதப் போட்டுக்கிட்டு சரிவுல இறங்க முடியாது" என்று நிறுத்திவிட்டார். வண்டியில் கிடந்த என் பழைய ஷூவை இரண்டு ஜோடி காலுறையோடு மாட்டிக்கொண்டுதான் அவள் நடந்தாள். பாதை கடினமானதல்ல, கடைசிப் பகுதி மட்டும் செங்குத்து. உச்சியில் நின்றபோது ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு ரயில் எறும்பு வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

செல்ல நினைப்பவர்கள் கோடைக்கு முன்பே திட்டமிடுவது நல்லது. காட்டுத்தீ அச்சத்தால் 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை இத்தகைய பாதைகளை மூடியிருந்தார்கள். பூங்காவுக்குத்தான் போவேன் என்பவர்கள், சீட்டு வாங்குமுன் மேடைக்கு அருகில் கால் மணி நேரம் நின்று, அந்தக் கொக்கியை ஒவ்வொருவருக்கும் திருகுகிறார்களா என்று பாருங்கள்.