துளை போடும் தூசியை உறிஞ்சும் மூடி: எதனோடு சேர்த்து வாங்குவது?

அலமாரி மாட்டவோ திரைச்சீலைக் கம்பி பொருத்தவோ வீட்டுச் சுவரில் துளை போடும்போது எழும் தூசியை, அது கிளம்பும் இடத்திலேயே பிடித்துவிடலாம் என்று சொல்லிப் பலவகைச் சாதனங்கள் இப்போது இணையக் கடைகளிலும் பாரிமுனைக் கருவிக் கடைகளிலும் விற்கப்படுகின்றன. அவற்றுள் வேக்யூம் கிளீனரின் குழாயில் செருகிச் சுவரில் ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பற்றியது இந்த மதிப்பீடு. கட்டிலும் துணியும் புத்தகமும் அப்படியே இருக்கும், ஆள் குடியிருக்கும் அறைகளில் இதைப் பயன்படுத்திவருகிறேன். மூடி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் அதன் மறுமுனையில் நாம் மாட்டும் வேக்யூம் கிளீனர் தகுதியற்றதாக இருந்தால், மூடி வாங்கியதால் வீட்டுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பது என் கருத்து.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று தேவைப்படுகிறது. 8 மில்லிமீட்டர் பிட்டால் (இயந்திரத்தில் மாட்டும் துளைக்கம்பி) 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டால் வெளியே வரும் பொருளின் கன அளவு ஏறத்தாழ இரண்டரை கன சென்டிமீட்டர். செங்கல் சுவரென்றால் அது நான்கு அல்லது ஐந்து கிராம், கான்கிரீட் தூணென்றால் ஆறு கிராம். ஏ.சி. குழாய்க்காக ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் 65 மில்லிமீட்டர் துளை போட்டால் ஒன்றேகால் கிலோவுக்கும் மேல் வரும். இதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் பொடியாகத் தரையில் விழுந்துவிடும். அதைத் துடைத்து எடுத்துவிடலாம். மிச்சமுள்ள சிறு பங்குதான் கவனிக்க வேண்டியது. பத்து மைக்ரானுக்கும் சிறிய துகள் (தலைமயிரின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான்) உடனே விழுவதில்லை. அதிலும் மிக நுண்ணியவை மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரை போகும். செங்கல், கான்கிரீட், கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கலந்த பூச்சு ஆகிய எல்லாவற்றிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. சுவாசத்தில் போகும் இந்தச் சிலிக்காவைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு முகமையான ஓஷா 2016-இல் வகுத்த விதியின்படி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட ஓர் அறையின் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். ஆக, வெறும் 1.4 மில்லிகிராம் சிலிக்கா அந்த அறைக் காற்றில் மிதந்தாலே அந்த அளவைத் தொட்டுவிடும். துளையிலிருந்து வரும் தூசி முழுவதும் சிலிக்கா அல்ல. வருடத்துக்குச் சில துளைகள் போடும் குடும்பத்தாரும் எட்டு மணி நேரம் வேலை செய்யும் தொழிலாளியும் ஒன்றல்ல. ஆகவே அஞ்சி நடுங்கத் தேவையில்லை. ஆனாலும் ஐயாயிரம் மில்லிகிராம் தூசி வருமிடத்தில் ஒன்றரை மில்லிகிராம்தான் கேள்வி என்றால், தரை சுத்தமாகத் தெரிகிறது என்பதை வைத்து ஒரு சாதனத்துக்கு மதிப்பெண் போட முடியாது.

மூடியின் அமைப்பு எளிமையானது. உள்ளங்கை அகலமுள்ள வட்டப் பெட்டி. சுவரைத் தொடும் பக்கத்தில் நுரை அல்லது ரப்பர் வளையம். நடுவில் பிட் நுழையும் வழி. பக்கவாட்டில் வேக்யூம் கிளீனர் குழாய்க்கான வாய். உள்ளே இரண்டு அறைகள் இருக்கின்றன. வெளிவட்ட அறையில் உண்டாகும் காற்றழுத்தக் குறைவு மூடியைச் சுவரோடு பிடித்துவைக்கிறது. நடு அறை வழியாகப் பாயும் காற்று, பிட்டின் திருகுப் பள்ளங்களில் ஏறிவரும் தூளை இழுத்துப்போகிறது. வேக்யூம் கிளீனரை ஓடவிட்டு மூடியைச் சுவரில் வைத்து அழுத்தினால், மோட்டாரின் ஓசை சட்டென்று ஒரு சுருதி ஏறும்; அந்த ஓசை மாறாவிட்டால் வளையம் எங்கோ காற்றை விடுகிறது என்று பொருள். மூடியின் விளிம்பில் நான்கு திசையிலும் வெட்டியிருக்கும் சிறு பள்ளங்களைச் சுவரில் பென்சிலால் போட்ட கூட்டல் குறியோடு பொருத்திக்கொண்டால், துளை குறி தப்பாமல் விழுகிறது. இதற்காகக் குறியின் கோடுகளைச் சற்று நீளமாகவே இழுத்துவைக்க வேண்டும். புள்ளி மட்டும் வைத்தால் மூடி அதை மறைத்துவிடும்.

விளம்பரத்தில் யாரும் சொல்லாத குறை ஒன்று உண்டு. மூடி சுவரிலிருந்து ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் உயரத்தை எடுத்துக்கொள்கிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் பிட்டின் மொத்த நீளம் 100 மில்லிமீட்டர், அதில் வேலை செய்யும் நீளம் 60 மில்லிமீட்டர். மூடிக்குப் போனது போக இரண்டு சென்டிமீட்டர்தான் மிஞ்சும்; திருகைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் ராவல் பிளக்கைக்கூட முழுதாக உள்ளே இறக்க அது போதாது. செருகியதும் பிட் தானே பூட்டிக்கொள்ளும் எஸ்.டி.எஸ். பிளஸ் வகை ரோட்டரி ஹேமர் (சுழன்றுகொண்டே பலமாக இடித்துத் துளைக்கும் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் 160 மில்லிமீட்டர் பிட்டை வாங்கிக்கொண்டால் பிரச்சினை தீரும். சாதாரண சக் (பிட்டை இறுக்கிப் பிடிக்கும் வாய்) உள்ள இயந்திரமென்றால் நீளப் பிட் என்று கேட்டு வாங்க வேண்டும். மூடியோடு ஒரு பிட்டையும் சேர்த்துக் கொடுக்க விற்பனையாளருக்கு ஏன் தோன்றவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த உட்சுவரில் மூடி கச்சிதமாக ஒட்டுகிறது. கீழே விரித்த கறுப்புத் துணியில், துளை முடிந்தபின் பார்த்தால், பிட்டை வெளியே இழுக்கும் கணத்தில் சிந்திய சிட்டிகைத் தூள் மட்டுமே கிடக்கும். அதையும் தவிர்க்க, துளை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தாமல் பிட்டை இரண்டு மூன்று முறை உள்ளும் வெளியும் நகர்த்தி, வேக்யூம் கிளீனரைச் சில விநாடிகள் ஓடவிட்டபின் மூடியை எடுத்தால் போதும். இப்படிச் செய்வதால் துளையின் உட்புறமும் சுத்தமாகி, பிளக் இறுகப் பிடிக்கிறது. வாயால் ஊதிக் கண்ணில் தூள் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் ஒழிகிறது. புதிய அடுக்ககங்களில் பரவலாகிவிட்ட ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கட்டி) சுவரில் தூள் வெண்மையாகவும் மிக லேசாகவும் வரும். மூடி இல்லாமல் துளையிட்டால் அறை முழுவதும் பறக்கும் அந்தத் தூளை, உறிஞ்சும் காற்று மிக எளிதாக இழுத்துக்கொள்கிறது. வழவழப்பான டைல் மீது பிடிப்பு இன்னும் உறுதி. ஆனால் டைலில் துளை தொடங்கும்போது இயந்திரத்தின் இடிக்கும் (ஹேமர்) இயக்கத்தை அணைத்து மெதுவாகச் சுற்றவிட்டு, நுனி வழுக்காமல் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; மூடி அந்தப் பார்வையை மறைக்கிறது. முதலில் மூடி இல்லாமல் சிறு பள்ளம் எடுத்துக்கொண்டு, பிறகு மூடியை வைப்பதே நல்லது.

பட்டி போடாத சொரசொரப்பான பூச்சிலும் டெக்ஸ்சர் பெயின்ட் அடித்த சுவரிலும் மூடி ஏமாற்றுகிறது. வளையத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று புகுந்து பிடிப்பு தளர்கிறது. குழாயின் எடையும் சேர்ந்து இழுக்க, துளை பாதியில் இருக்கும்போது மூடி கீழே நழுவுகிறது. குழாயை ஒரு ஏணிப்படியிலோ நாற்காலி முதுகிலோ கட்டிவைத்தால் ஓரளவு சரியாகும். இல்லாவிட்டால் இன்னொருவர் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆர்.சி.சி. (இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்) தூணிலும் பீமிலும் குறை வேறு விதமானது. சாதாரண இம்பாக்ட் டிரில்லால் கான்கிரீட்டைத் துளைக்க நெடுநேரமாகும். பிட் சூடேறி, அது உரசும் மூடியின் நடு வளையம் இளகிவிடுகிறது. ரோட்டரி ஹேமரில் வேலையும் விரைவு. கல்லை அரைக்காமல் உடைத்துத் தள்ளுவதால் தூளும் சற்றுப் பருமனாக வருகிறது.

இனி வேக்யூம் கிளீனருக்கு வருகிறேன். வீட்டைக் கூட்டுவதற்கென்று வாங்கிய, துணிப்பை வைத்த சாதாரண இயந்திரத்தில் இந்த மூடியை மாட்டினால், தரையும் சுவரும் பளிச்சென்று இருக்கும். எல்லாம் நலம் என்று தோன்றும். விளக்கை அணைத்து, திரையை மூடி, அந்த இயந்திரம் காற்றை வெளியே விடும் துவாரத்துக்குக் குறுக்கே ஒரு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் கதை வேறு: ஒளிக்கற்றையில் நுண்தூள் புகைபோலச் சுழன்றுகொண்டிருக்கும். துணி பருமனான பொடியைத் தடுத்து, நுரையீரலுக்குள் போகக்கூடியதை மட்டும் சலித்து, விசையோடு அறையெங்கும் வீசுகிறது. மூடி இல்லாமல் துளையிட்டிருந்தால் அந்த நுண்தூளில் ஒரு பகுதியாவது பருமனான பொடியோடு ஒட்டிக்கொண்டு தரையில் விழுந்திருக்கும். கையடக்க, சார்ஜ் செய்யும் வேக்யூம் கிளீனர்களின் ஃபில்டர் இந்தத் தூளில் விரைவாக அடைத்துக்கொள்கிறது. சிமென்ட், பூச்சுத் தூள் போன்ற நுண்பொடியை உறிஞ்சக் கூடாது என்று பல மாடல்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கும்.

இதற்கு ஏற்றது ஈரம், உலர்வு இரண்டையும் உறிஞ்சும் டிரம் வகை இயந்திரம்; நம் சந்தையில் ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய விலையிலேயே கிடைக்கிறது. அதையும் அப்படியே பயன்படுத்தக் கூடாது. மோட்டாருக்குக் கீழே உள்ள கூட்டின் மீது மாட்டியிருக்கும் கறுப்பு நுரை உறை தண்ணீர் உறிஞ்சும்போது மட்டும் பயன்படுவது. அதைக் கழற்றாமல் உலர்ந்த தூளை உறிஞ்சினால் தூள் நுரையைக் கடந்து மோட்டாருக்குள்ளும் அறைக்குள்ளும் போகும். நுரையைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக உள்ள ஹெப்பா ஃபில்டரை மாட்டி, டிரம்முக்குள் ஃபிளீஸ் வகை (நெய்யாத செயற்கைத் துணி) தூசிப்பையையும் போட வேண்டும். பை பெரும்பகுதியைத் தடுத்துக்கொள்வதால் விலை கூடிய ஃபில்டர் அடைபடாமல் நீடிக்கிறது. உண்மையான ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். ‘ஹெப்பா மாதிரி’, ‘ஹெப்பா வகை’ என்று அட்டையில் போட்டிருப்பவை அந்த வாக்குறுதியைத் தருவதில்லை. ஐரோப்பாவில் தூசி உறிஞ்சும் இயந்திரங்களை எல், எம், எச் என்று தரம் பிரிக்கிறார்கள். எல் தரம் ஒரு சதவீதம் வரையும், எம் தரம் 0.1 சதவீதம் வரையும், எச் தரம் 0.005 சதவீதம் வரையும் தூளைக் கசியவிடலாம். துளையிடும் வேலைக்கு ஓஷா விதிக்கும் முறையும் இதையே வற்புறுத்துகிறது: இயந்திரத்தில் மூடி இருக்க வேண்டும், தூசி சேர்க்கும் கருவியின் ஃபில்டர் குறைந்தது 99 சதவீதம் தடுக்க வேண்டும், துளையைச் சுத்தம் செய்ய ஹெப்பா பொருத்திய வேக்யூம் கிளீனரைப் பயன்படுத்த வேண்டும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஃபில்டரையும் பையையும் முதலில் வாங்குங்கள். மூடிக்குப் பதிலாகக் குழாயின் வாயைத் துளைக்கு அடியில் ஒருவர் பிடித்துக்கொண்டாலே வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

மூடிக்கு மாற்றாகச் சொல்லப்படுபவற்றில், பிட்டின் மீது கோத்துக்கொள்ளும் ரப்பர் கிண்ணம் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு விலைதான். கூரையில் மேல்நோக்கித் துளையிடும்போது தூள் நேரே கிண்ணத்துக்குள் விழுவதால், முகத்தில் கொட்டாமல் காப்பதற்கு அதற்கு நிகர் இல்லை. சுவரில் அது அரைவேலைதான் செய்கிறது. சுழலும் பிட் உரசி உரசிக் கிண்ணத்தின் ஓட்டையும் பெரிதாகிவிடுகிறது. காகிதத்தைப் பைபோல மடித்துத் துளைக்குக் கீழே மாஸ்கிங் டேப்பால் ஒட்டும் பழைய முறை தரையைக் காப்பாற்றும், காற்றைக் காப்பாற்றாது. ஷேவிங் நுரையைச் சுவரில் பூசித் துளையிடச் சொல்லும் காணொளிகளும் உண்டு. தொடக்கத்தில் தூளைப் பிடித்துக்கொள்ளும் நுரை, பிட் வேகமெடுத்ததும் பூவாணம்போல் சிதறுகிறது. மின்கருவி ஓடும் இடத்தில் தண்ணீர் தெளிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஹில்டி, பாஷ் போன்ற நிறுவனங்கள் நடுவே குழலுள்ள பிட்டையும், இயந்திரத்தோடு இணைந்த தூசி அறையையும் விற்கின்றன. அவை ஆங்கர் போல்ட் (பாரம் தாங்கக் கான்கிரீட்டில் இறக்கும் இரும்புப் போல்ட்) வேலை நாள் முழுவதும் செய்பவர்களுக்கானவை, வீட்டுக்கு மிகை.

எங்கள் வீட்டுக்கு வந்த எலெக்ட்ரீஷியன் மூடியைப் பார்த்து, “எதுக்கு சார் இவ்வளவு ஏற்பாடு? கீழே பேப்பர் விரிச்சா போதாதா?” என்று கேட்டார். வேலை முடிந்ததும் அதையே கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். உண்மையில் என்னைவிட அவருக்குத்தான் இது அவசியம். நாளுக்குப் பல வீடுகளில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு துளை போடுபவர் அவர். கைக்குட்டையும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தத் தூளைத் தடுப்பதில்லை. மூடி இருந்தாலும் என்95 அல்லது ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் அணிய வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நிறைந்த பையை மாடியில் கொண்டுபோய் உதறாமல், வாயை மூடி அப்படியே குப்பையில் போட வேண்டும்.

வாங்கும் முன் உங்கள் வேக்யூம் கிளீனர் குழாயின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 32, 35 மில்லிமீட்டர் ஆகிய இரண்டு அளவுகள் பரவலாக இருக்கின்றன. எனக்கு மூடியோடு வந்த இணைப்பான் தளர்வாக இருந்ததால் அதன் மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகியிருக்கிறேன். முதலில் தேய்வது நுரை வளையம்தான். சில விற்பனையாளர்கள் அதைத் தனியாகத் தருகிறார்கள், பலர் தருவதில்லை. கிடைக்காதவர்கள் கதவு இடுக்கில் ஒட்டும் நுரைப்பட்டையை அளவாக வெட்டி ஒட்டிக்கொண்டால், பட்டி பார்த்த சுவருக்கு அதுவே போதும்.