சால்மன் தோலில் நூல் முதுகு: நோர்டிக் கண்காட்சிகளுக்குக் கலைநூல் கட்டுவோருக்கு ஒரு மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சால்மன் மீன் தோல் நூலின் முதுகுக்கும் மெத்தென்ற மேலட்டைக்கும் அருமையான பொருள். கெட்டி அட்டை முழுவதையும் அதால் போர்த்த நினைத்தால் காசும் வீண், உழைப்பும் வீண். ஏன் என்பதைத்தான் கீழே விரித்துச் சொல்லியிருக்கிறேன்.

ஐஸ்லாந்தின் வடக்கே சவுதார்க்ரோகுர் என்றொரு துறைமுக ஊர். மீனைத் துண்டம் போட்டபின் மிஞ்சும் தோலை அங்கே 1990களில் பதனிடத் தொடங்கினார்கள். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் அந்த வேலைக்குக் கைகொடுத்தது. சால்மன், காட், ஓநாய் மீன், பெர்ச் என்று நான்கு வகை பொதுவாகக் கிடைக்கும். ஐஸ்லாந்துக்காரர்களுக்கு மீன் தோல் புதிதல்ல. ஓநாய் மீன் தோலில் ரோத்ஸ்கோர் என்னும் செருப்பைத் தைத்துப் போட்டவர்கள் அவர்கள். மலைப்பாதையின் தூரத்தையே அதைக் கடக்க எத்தனை சோடி தேயும் என்ற கணக்கில் சொன்னார்கள்.

கலைநூலை, அதாவது கலைஞர் கலைப்படைப்பாகவே உருவாக்கும் நூலை, ஐஸ்லாந்தில் போக்வெர்க் என்பார்கள், நார்வேயில் குன்ஸ்ட்நெர்பூக், பின்லாந்தில் தைதெய்லியாகிர்யா. ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கின் ஆர்கிர், நார்வேயின் பெர்கன் நகரத்துக் கோடெக்ஸ் போலாரிஸ் போன்ற கலைநூல் குழுக்களால் பல நாட்டுக் கலைஞர்களின் நூல்கள் ஒரே மேசைக்கு வருகின்றன. இத்தகைய கூட்டுக் கண்காட்சிக்குப் போகும் நூலுக்கு மூன்று சோதனைகள் உண்டு. பார்வையாளர்கள் கையில் எடுத்துப் புரட்டுவார்கள். நூல் ஊர் ஊராகப் பெட்டியில் போகும். பங்கேற்பவர்கள் ஆளுக்கொரு பிரதி மாற்றிக்கொள்ளும் திட்டமானால், ஒரே மாதிரி இருபது முப்பது பிரதி வேண்டும். தோலை இந்த மூன்றையும் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

ஒரு சால்மன் தோல் ஏறக்குறைய 60 செ.மீ. நீளம், தலைப்பக்கம் 12 செ.மீ. அகலம், வால்பக்கம் போகப் போகப் பாதியாகக் குறுகும். தடிமன் அரை மில்லிமீட்டரைச் சுற்றி. நீளவாக்கில் நடுவே ஓடும் பக்கக்கோடு சற்றுக் கருத்துத் தெரியும். செதில்கள் பொதிந்திருந்த சிறு பைகள் (செதில் பைகள்) முதுகுப்பக்கத்தில் நெருக்கமாகவும் வயிற்றுப்பக்கத்தில் அகன்றும் இருக்கும். மெல்லியதாயிற்றே என்று பயப்பட வேண்டாம். மீன் தோலில் நார்கள் அடுக்கடுக்காக, ஒரு அடுக்குக்கு அடுத்த அடுக்கு குறுக்காக ஓடுகின்றன. அதனால்தான் அதே தடிமனுக்குச் சீவிய ஆட்டுத்தோலைவிட மீன் தோல் கிழிவதற்கு அடம்பிடிக்கும். குத்தூசியால் துளையிட்டு நேரே தோலின் மேலேயே நீளத்தையல் போடலாம். துளை கிழிந்து நீளாது.

இப்போது கணக்கு. நூலின் உயரம் 20 செ.மீ., முதுகு 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதுகு 12, இரு பக்கக் காடிக்கும் (முதுகும் அட்டையும் சேரும் பள்ளம்) 8 வீதம் 16, அட்டை மேல் ஏற 20 வீதம் 40. ஆக அகலம் 68 மி.மீ. மேலும் கீழும் 15 மி.மீ. மடிப்பு சேர்த்து நீளம் 23 செ.மீ. தலைப்பக்கத்தில் கோணலாக வெட்டுப்பட்ட 5 செ.மீ. கழிந்தால் ஒரு தோலில் இரண்டு முதுகு வரும். ஆனால் இரண்டாவது துண்டின் வால்முனை 68 மி.மீ. அகலத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். 20 பிரதிக்குப் பத்துத் தோல் என்று எழுதி அனுப்பாதீர்கள், குறைந்தது பதின்மூன்று தோல் வாங்குங்கள். எல்லாம் ஒரே சாயத் தொட்டியில் ஊறியவையா என்று கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை வாங்கும்போது நிறம் மாறிவிடும்.

விலையை ஆட்டுத்தோலோடு ஒப்பிடும்போது ஏமாறுவது எளிது. வால்பக்கக் குறுகலைக் கழிக்காமலேயே 60-க்கு 12 என்பது முக்கால் சதுர அடிதான். ஏழு சதுர அடி ஆட்டுத்தோல் ஒன்றுக்கு ஈடாகக் குறைந்தது ஒன்பது மீன் தோல் வாங்க வேண்டும். முழு அட்டை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஒட்டுப்போடாமல் 15 செ.மீ. அகல அட்டையைக்கூட மூட முடியாது, ஒட்டிய இடம் எப்போதும் துருத்திக்கொண்டு நிற்கும்.

மற்ற மூன்று வகை பற்றிச் சுருக்கமாக. ஓநாய் மீன் தோலில் செதில் பை இல்லை. வழவழவென்று, கரும்புள்ளிகளோடு இருக்கும். சிறு துண்டாக வெட்டி அட்டையில் பதிக்க இதைவிட அழகு வேறில்லை. காட் தோல் ஒரே தோலுக்குள்ளேயே சில இடம் வழவழப்பும் சில இடம் சொரசொரப்புமாக இருக்கும்; ஒற்றைப் பிரதிக்குச் சரி, பதிப்புக்கு ஆகாது. பெர்ச் தடிமன், செதில் பெரிது. ஆனால் வணிகத்தில் பெர்ச் என்று வருவது பெரும்பாலும் ஆப்பிரிக்க ஏரிகளின் நைல் பெர்ச். நோர்டிக் மூலப்பொருள் என்று கண்காட்சிக் குறிப்பில் எழுதப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்டர்ஜன் தோலை யாராவது கொடுத்தால் மறுத்துவிடுங்கள்: ஸ்டர்ஜன் இனங்கள் எல்லாமே சைட்டிஸ் என்னும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை, எல்லைக்கு எல்லை அனுமதிச் சீட்டு கேட்பார்கள். சால்மனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் ஐஸ்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பவை. டென்மார்க்கிலிருந்து அங்கே போய்த் திரும்பும் நூல்களுக்குத் தற்காலிக இறக்குமதித் தாள் வேண்டும். அதில் வெறுமனே ‘தோல்’ என்று எழுதாமல் ‘அட்லாண்டிக் சால்மன், சால்மோ சலார்’ என்று இனத்தையே எழுதிவிட்டால் கேள்வி குறையும்.

பூச்சு இரண்டு விதம். ஒன்றில் செதில் பைகளின் விளிம்பு திறந்து, விரலுக்குச் சிறு இதழ் இதழாகத் தட்டுப்படும். மற்றதில் மேலே பளபளப்புப் பூச்சு ஏற்றி இதழ்களை அமுக்கி மூடியிருப்பார்கள். புரட்டும் நூலின் முதுகுக்குப் பளபளப்புப் பூச்சு வேண்டவே வேண்டாம். திறந்து மூடும்போது காடிக்கு நேரே பூச்சு வெளுத்து நுண்ணிய கீறல் விழும். தோலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குப் புத்தகம் பழசாகிவிடும். திறந்த செதில் தோலில் இந்தக் குறை கிடையாது.

அதில் இருப்பது வேறு குறை, அதுதான் பலருக்கும் வேலையைக் கெடுப்பது. செதில் பையின் அடித்தளம் மற்ற இடத்தைவிட மெல்லியது. நீர்த்த பிவிஏ என்னும் வெள்ளைப் பசையைத் தோலின் பின்பக்கம் தடவி அழுத்தினால் அந்த மெல்லிய புள்ளிகள் வழியே பசை கசிந்து முன்பக்கம் வரும். ஈரமாக இருக்கும்வரை தெரியாது. காய்ந்தபின் வரிசை வரிசையாகப் பளபளக்கும் புள்ளி. துடைத்தால் போகாது, சுரண்டினால் இதழ் பிய்ந்து வந்துவிடும். ஆகவே தோலை அட்டையில் ஒட்டும் முன் பின்பக்கத்தில் ஒரு காகித உள்ளொட்டு கட்டாயம். சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம் எடையுள்ள ஜப்பானியக் கோஸோ காகிதம் போதும்.

உள்ளொட்டுக்கு நல்லது கோதுமை மாவுச்சத்துப் பசைதான். ஒரு பங்கு மாவுச்சத்துக்கு ஐந்து பங்கு தண்ணீர். அரை மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறி, கண்ணாடி போலத் தெளிந்து கெட்டியானதும் இறக்கி ஆறவிட்டு, இரண்டு முறை சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். நம் ஊர் பைண்டர்கள் மைதா பசையில் பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். இதில் அது வேண்டாம். தாவரச் சாறில் பதனிட்ட தோலோடு செம்பு உப்பு சேர்ந்தால் கறை விழும். இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

தோல் சுருண்டுதான் வரும். பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே ஓர் இரவு வைத்தால் படிந்துவிடும். மறுநாள் பின்பக்கம் மெல்லிய பூச்சாகப் பசை தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மேலோடு நிற்பதை வழித்தெடுத்து, இரண்டாவது பூச்சு தடவிக் கோஸோவைப் படியவையுங்கள். மேலே கம்பளித் துணி போட்டு இலேசான எடை வைத்தால் போதும். அழுத்துப்பொறியில் வைத்து இறுக்கினால் செதில் வடிவம் நசுங்கிப்போகும், மறுபடி எழுந்திருக்காது. நன்றாகக் காய்ந்தபிறகே அளவுக்கு வெட்ட வேண்டும். ஈரம்பட்டு உலரும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுருங்குவது வழக்கம். முன்கூட்டியே வெட்டியவர்கள் குறைந்த அளவை வைத்துக்கொண்டு கையைப் பிசைய வேண்டியதுதான்.

வெட்டும்போது பின்பக்கத்திலிருந்து, புது அலகால், இரும்பு அளவுகோல் வைத்து வெட்டுங்கள். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் சீவுகிற பழக்கத்தில் சீவுகத்தியை எடுக்காதீர்கள். குறுக்கு நார்களில் கத்தி முனை மாட்டும், செதில் பைக்கு வந்ததும் ஓட்டை போடும். மடிப்புப் பகுதி 15 மி.மீ. மட்டும் 180 எண் உப்புத்தாளால், உள்ளொட்டுக் காகிதத்தோடு சேர்த்து விளிம்பை நோக்கித் தேய்த்தால் போதும். எப்படியும் தோல் அரை மில்லிமீட்டர்தான்.

அட்டையில் ஒட்ட, மாவுச்சத்துப் பசை இரண்டு பங்கும் பிவிஏ ஒரு பங்கும் கலந்தது சரிப்படும். வெறும் பிவிஏ சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், காடியில் தோலை நகர்த்திப் படியவைக்க நேரம் தராது. எலும்பு மடிப்புக்கோலை நேரே தோலில் ஓட்டினால் கருத்துப் பளபளத்துவிடும். டெஃப்லான் கோலோ நடுவே சிலிக்கான் தாளோ வேண்டும். கோல் போகும் திசை தலையிலிருந்து வாலுக்கு, எதிர்த்திசையில் இழுத்தால் இதழ் நிமிரும். இதே காரணத்துக்காக எல்லாப் பிரதியிலும் மீனின் தலைப்பக்கம் நூலின் மேற்பக்கமாக இருக்கட்டும். கையில் எடுப்பவரின் விரல் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போகும். பக்கக்கோட்டை முதுகின் நட்டநடுவே நிறுத்தினால் இருபது பிரதியையும் வரிசையாக அடுக்கும்போது ஒரே கோடு இருபது முறை ஓடுவது தனி அழகு.

சூடு கூடாது. குளிர்கடல் மீனின் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தில் புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. பாலூட்டிகளின் தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே அது சுருங்கிவிடும். பதனிட்டால் தாங்கும் அளவு ஏறும், ஆனாலும் ஈரத்தோலில் சூட்டுப்பசையும் முடியுலர்த்தியும் ஆபத்து. தங்கத்தாள் எழுத்து பதிப்பதாக இருந்தால் கழிவுத் துண்டில் மிகக் குறைந்த சூட்டில் தொடங்கி, தொட்டும் தொடாமலும் பதித்துப் பாருங்கள். செதில் மேட்டில் சிறிய எழுத்து எப்படியும் உடையும். தலைப்பைப் பக்க அட்டையின் துணியிலோ காகிதத்திலோ போடுவதே மேல்.

உள்ளே பாரம் (மடித்த தாள்கட்டு) தைப்பது எப்போதும் போலத்தான். பாரத்துக்கு நான்கு தாள் மடித்து ஐந்து பாரம், மெழுகு தேய்த்த 18/3 லினன் நூல். நீளத்தையல் போட்டு, கெட்டி அட்டை இல்லாமல் தோலையே உறையாக விடுகிற வடிவத்துக்கு இந்தத் தோலுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்: அட்டைப்பலகை இல்லை, வளைவதற்கு ஒன்றுமில்லை, எடையும் குறைவு.

ஏனென்றால் பலகை வைத்த நூலில் வளைவுதான் பெரிய தலைவலி. நோர்டிக் நாடுகளில் குளிர்காலம் முழுக்க அறையைச் சூடாக்குவார்கள். உள்ளே ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். கடற்கரை ஊரின் ஈரத்தில் கட்டிய நூலை அந்த அறையில் வைத்தால் தோல் சுருங்கி 2 மி.மீ. அட்டையை வெளிப்பக்கமாக இழுத்து வளைக்கும். உட்பக்க ஒட்டுத்தாள் அதே அளவு எதிர்த்திசையில் இழுத்தால்தான் அட்டை நேரே நிற்கும். அட்டை, ஒட்டுத்தாள், பாரம் எல்லாவற்றிலும் காகித நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். முழு அட்டையிலும் தோல் போர்த்தினால் இந்த இழுபறி பல மடங்காகும், 20 மி.மீ. மட்டும் ஏறினால் ஒட்டுத்தாள் சமாளித்துக்கொள்ளும்.

வாங்கியதும் இரண்டு சோதனை. ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் மூலையில் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும் சாயம் விட்டால் அந்தத் தோல் பக்கத்து அட்டையின் வெள்ளைக் காகிதத்தையும் கெடுக்கும். பிறகு ஒரு துண்டை நனைத்து முகர்ந்து பாருங்கள். நன்றாகப் பதனிட்ட தோலில் மீன் வாடை வராது. வந்தால் திருப்பி அனுப்புங்கள். சாயத் தோல் வெளிச்சத்தில் மங்கும் என்பதால், காட்சிக்கூடத்திடம் வெளிச்ச அளவு 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அங்கே கோடையில் இரவு பத்து மணிக்கும் ஜன்னல் வெளிச்சம் இருக்கும், ஜன்னலோர மேசையை மறுத்துவிடுவது நல்லது.

அனுப்புவதற்கு, சொருகும் உறைப்பெட்டி செய்யாதீர்கள். உள்ளே தள்ளும்போதோ வெளியே இழுக்கும்போதோ முதுகோரத் தோல் உரசிக்கொண்டே இருக்கும், பத்து முறைக்குள் விளிம்பு இதழ்கள் நிமிர்ந்துவிடும். புத்தகம் போலத் திறக்கும் மூடிப்பெட்டிதான் சரி. பெட்டியின் அகலத்தில் முதுகுப் பக்கம் 2 மி.மீ. இடைவெளி விட்டு, அமிலமில்லாத மெல்லிய தாளைச் சுருட்டி அங்கே வையுங்கள். கண்காட்சி முடிந்து நூலைத் திரும்பக் கட்டுகிறவர் வேறொருவராக இருப்பார். தாளை எங்கே வைப்பது என்று மூடியின் உட்பக்கம் ஒரு சிறு படம் வரைந்து ஒட்டிவிடுங்கள்.